எல்லோருடைய செய்தியும் தெரிகிறது, யாரோடும் பேசுவதில்லை: கணக்கை மூடிவிடலாமா?

#1 ஓரத்துமேசை

கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. மதில்மேல் பூனையாக இருப்பதால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

என் முகநூல் கணக்கில் சில நூறு பேர் இருக்கிறார்கள். பள்ளியில் கூடப் படித்தவர்கள், முதல் வேலையில் கூட இருந்தவர்கள், சொந்தக்காரர்கள், எப்படி உள்ளே வந்தார்கள் என்றே நினைவில்லாதவர்கள். இவர்களில் யார் வேலை மாறினார், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஒரு லைக், கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் ஒரு இதயம், அப்புறம் அடுத்த பதிவு.

நேரம் வீணாகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பேச்சை ஆரம்பிக்க ஒன்றுமே மிஞ்சவில்லை என்பதுதான் உறுத்துகிறது. முன்பெல்லாம் ரொம்ப நாள் கழித்து ஒருவரைப் பார்த்தால் "அப்புறம், என்ன சேதி?" என்று தொடங்கினால் போதும், பொழுது போவதே தெரியாது. இப்போது பழைய தோழர் ஒருவர் எதிரே வந்து "பயணம் போயிருந்தோம்" என்கிறார். "ஆமாம், பார்த்தேன்" என்கிறேன். "மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்." "அதையும் பார்த்தேன்." கொஞ்ச நேரத்தில் இருவர் கையிலும் போன். அந்தப் பயணத்தில் அவருக்கு என்ன ஆனது, மகள் போனபின் வீடு எப்படி இருக்கிறது, இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று மனம் நம்பிக்கொள்கிறது. கேட்கத் தோன்றுவதே இல்லை.

சரி, மூடிவிடலாம் என்றால் இன்னொரு பயம். இவர்களில் பாதிப் பேரின் போன் எண்கூட என்னிடம் இல்லை. இந்தக் கணக்கு போனால் அவர்களும் போனார்கள்.

மூடியவர்கள், மூட நினைத்து விட்டுவிட்டவர்கள், இதையெல்லாம் யோசிக்காமல் நிம்மதியாக இருப்பவர்கள், எல்லோரும் சொல்லுங்கள்.

#2 ஒற்றைவரி

மூடுங்கள். வேண்டியவர்கள் தேடி வருவார்கள். வராதவர்கள் வேண்டியவர்களே இல்லை.

#3 தூரத்துச்சித்தி

ஒற்றைவரி தம்பி, உங்களுக்கு வயது குறைவு என்று நினைக்கிறேன். என் வயதில் "தேடி வரட்டும்" என்று உட்கார்ந்தால் கதவைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் ஆளுக்கொரு நாட்டில் கிடக்கிறது. என் அக்காவின் பேரன் மழலை பேசியது, பிறகு திருத்தமாகப் பேசத் தொடங்கியது, எல்லாவற்றையும் நான் வீடியோ அழைப்பில்தான் கேட்டேன். அவனை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. ஆனாலும் என் முகம் தெரிந்ததும் பொம்மையைக் கொண்டுவந்து திரைக்கு நேரே நீட்டுகிறான். இதைப் போலியான தொடர்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. காலை வணக்கப் படங்களை நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள் என்று தெரியும். பூவும் சூரியனும் போட்டு, கீழே ஒரு தத்துவமும் எழுதியிருக்குமே, அதேதான். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோழிகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் தனியாக வசிக்கிறவர்கள். காலையில் ஒருத்தியின் படம் வரவில்லை என்றால் யாராவது போன் போட்டுவிடுவோம். ஒருத்தி குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தது அப்படித்தான் தெரியவந்தது. அந்தத் தத்துவத்தை எங்களில் யாரும் படிப்பதில்லை. இன்றைக்கும் கண் விழித்துவிட்டேன் என்று சொல்லத்தான் அந்தப் படம்.

#4 தரவுப்பித்தன்

சித்தி சொல்வதும் ஓரத்துமேசை சொல்வதும் ஒரே விஷயம்போலத் தெரிகிறது. ஆனால் இரண்டும் வேறு. சித்தி பேசுவது ஆளுக்கு ஆள் அனுப்பும் செய்தி, அழைப்பு, சின்னக் குழு. ஓரத்துமேசை பேசுவது ஃபீட், அதாவது உள்ளே போனதும் தானாக வரிசையாக ஓடும் பதிவுகள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பமே.

ஃபீட் எப்படி மாறியது என்று பாருங்கள். ஃபேஸ்புக் 2004இல் வந்தபோது ஃபீட் கிடையாது. ஒருவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அவர் பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்தது. எல்லோருடைய அசைவும் தானாகவே கண்முன் கொட்டத் தொடங்கியதும் அப்போதைய பயனர்களே கொதித்துப்போய் எதிர்ப்புக் குழுக்கள் அமைத்தார்கள். லைக் பொத்தான் 2009இல். அதோடு ஒரு வார்த்தை எழுதும் வேலையும் மிச்சமானது.

இன்றைய நிலைமையை அந்த நிறுவனமே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இன்ஸ்டாகிராமை 2012இலும் வாட்ஸ்அப்பை 2014இலும் வாங்கியது போட்டியை ஒழிக்கத்தான் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மீது போட்ட வழக்கு 2025இல் விசாரணைக்கு வந்தது. நாங்கள் நண்பர்களை இணைக்கும் தளமாக மட்டும் இல்லை, டிக்டாக், யூடியூபோடு மோதிக்கொண்டிருக்கிறோம் என்பது மெட்டாவின் வாதம். அதற்கு அவர்கள் காட்டிய கணக்கில், அமெரிக்கர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதமும் இன்ஸ்டாகிராமில் 7 சதவீதமும்தான் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பதில் போகிறது. அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. நீதிபதியும் இதே எண்களைச் சுட்டிக்காட்டினார்.

ஆக, "நண்பர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை" என்று நாம் உள்ளே இருக்கிறோம். உள்ளே நம் கண்ணில் படுவதில் பெரும்பகுதி யாரோ ஒரு முன்பின் தெரியாதவரின் வீடியோ.

#5 ஓரத்துமேசை

17 சதவீதம்தானா! என் அனுபவத்துக்கு அது பொருந்துகிறது. உறவுக்காரப் பையன் ஒருவனின் படத்தைத் தேடி உள்ளே போய், யாரோ கம்பளம் துவைப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அவன் படத்தைப் பார்க்காமலே வெளியே வந்திருக்கிறேன்.

சித்தி, உங்கள் குழு விஷயம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. உங்கள் தோழியின் படம் வராவிட்டால் தேட ஆள் இருக்கிறது. நான் ஒரு மாதம் எதுவும் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தை வேறு பதிவு ஒன்று நிரப்பிவிடும்.

#6 பாதிக்கதவு

எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த இழைக்காக வெளியே வருகிறேன்.

என் சிக்கல் வேறு மாதிரி. என் கணக்கில் மேலாளர் இருக்கிறார், மாமனார் இருக்கிறார், கல்லூரிக் கூட்டாளிகள் இருக்கிறார்கள், மகளின் ஆசிரியை இருக்கிறார். கூட்டாளிகளிடம் பேசும் பேச்சை மாமனாரிடம் பேச முடியுமா? மாமனாரிடம் பேசுவதை மேலாளரிடம்? நேரில் என்றால் ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுவோம், அதில் பொய் எதுவும் இல்லை. இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வரியைப் படிக்கிறார்கள். எந்த வரியை எழுதினாலும் யாராவது ஒருவருக்கு அது ஆகாது. கடைசியில் நான் போடுவது சூரியன் மறையும் படம். யாருக்கும் ஆட்சேபம் இல்லாதது அது ஒன்றுதான்.

இதன் விளைவைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு எனக்கு வேலை போனது. பல மாதம் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் நடக்கப் போவேன், படம் எடுப்பேன், போடுவேன். முன்பைவிட அதிகமாகவே போட்டேன், வேறு வேலை இல்லையே. "கொடுத்து வைத்தவன்", "விடுமுறையா?" என்று கீழே எழுதினார்கள். பிறகு ஒருநாள் தாங்க முடியாமல் நெருங்கிய நண்பன் ஒருவனுக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னபோது, அவன் உண்மையாகவே அதிர்ந்து போனான். "நீ நன்றாகத்தானே இருந்தாய், தினமும் பார்த்தேனே" என்றான். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. என்னை அவன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

#7 ஒற்றைவரி

பாதிக்கதவு, வருத்தமாக இருக்கிறது. ஆனால் நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி ஆகிவிட்டீர்கள். அந்தக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால், உங்களிடமிருந்து சேதி வரவில்லையே என்று அந்த நண்பர் ஒரு மாதத்தில் போன் செய்திருப்பார். படங்கள்தான் அவரைத் தூங்க வைத்தன.

சித்தியம்மா, எனக்கு அவ்வளவு சின்ன வயது இல்லை. தலை நரைத்துவிட்டது.

#8 படுக்கையோரம்

"மூடுங்கள், நேரில் போய்ப் பாருங்கள்" என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் நேரில் போகக் கால் இருக்கிறது, அதற்கான நேரம் இருக்கிறது, அங்கே போனால் வரவேற்க ஆளும் இருக்கிறது. ஒற்றைவரி, இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு அபூர்வமான தசைநோய். மருத்துவர்களே அதிகம் பார்த்திராத நோய். சில நாள் அறையை விட்டு வெளியே வருவதே பெரிய காரியம். என் நோய் உள்ள இன்னொருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு முகநூல் குழுவில் இந்த நோயோடு பல வருடம் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் பிடி தளரும்போது பாட்டில் மூடியை எப்படித் திறப்பது, சோர்வு எந்த நேரத்தில் கூடும், வேலையிடத்தில் இதை எப்படிச் சொல்வது, இதையெல்லாம் அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். என் வீட்டார் பாசமானவர்கள். ஆனால் இந்தச் சோர்வு எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் நமக்குப் புதிய செய்தி வருகிறது என்பது அவர் வாதம். நெருங்கியவர்களுக்கு ஏறக்குறைய நமக்குத் தெரிந்ததேதான் தெரிந்திருக்கும். ஓரத்துமேசை "எப்படி வந்தார்கள் என்றே நினைவில்லை" என்றாரே, அப்படி ஒருவர்தான் எனக்கு இந்தக் குழுவைக் காட்டினார். பேருந்தில் அறிமுகமானவரோ, யாருடைய தோழியோ. லைக் போடும் அளவுக்கு மட்டுமே பழக்கம்.

#9 ஒற்றைவரி

படுக்கையோரம், நியாயம். உங்கள் நிலையை நினைத்து அந்த வரியை எழுதவில்லை. போன் எடுத்துப் பேச எல்லா வசதியும் இருந்தும் பேசாதவர்களைச் சொன்னேன். அதாவது என்னைப் போன்றவர்களை.

#10 திரும்பியவன்

நான் மூடிப் பார்த்தவன், பிறகு திரும்பியும் வந்தவன். இரண்டையும் சொல்கிறேன்.

மூடிய முதல் வாரம் கை தானாகப் போனைத் தேடியது. அப்புறம் அடங்கிவிட்டது. தூக்கம் கூடியது, படிப்பு கூடியது. யாரோ ஒருவரின் புது வீட்டைப் பார்த்து என் வீட்டைக் குறை சொல்லும் பழக்கம் நின்றது. அதுவே பெரிய நிம்மதி.

தேடி வருவார்களா என்று கேட்டால், ஓரிருவர் வந்தார்கள். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். நான் விலகியதே அவர்களுக்குத் தெரியாது. "தேடி வரட்டும்" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. சந்திப்புகளுக்கான அழைப்பு குழுவில் போடப்படும், எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்வார்கள். நான் போகாவிட்டால், வர விருப்பமில்லை போலும் என்று விட்டுவிடுவார்கள்.

என்னைத் திருப்பி இழுத்தது ஒரு சாவு. பள்ளியில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் காலமாகி வெகுநாள் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, எனக்குச் சேதி தெரிந்தது. எல்லோரும் குழுவில் நினைவுகளை எழுதி, ஒன்றுகூடி, அவர் குடும்பத்தைப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்கள். என்னிடம் யாரும் மறைக்கவில்லை. ஆளுக்கு ஆள் போன் செய்து சாவுச் சேதி சொல்லும் வழக்கமே அந்த வட்டத்தில் இல்லாமல் போயிருந்தது. ஒரு பதிவு போதும் என்றாகிவிட்டது. நான் ஒருவன் மட்டும் விலகினால் அந்தப் பழைய வழக்கம் எனக்காகத் திரும்பி வருமா என்ன?

இப்போது உள்ளே இருக்கிறேன். நல்லது கெட்டது தெரிந்துகொள்ள மட்டும். சந்தோஷமாக இருக்கிறேனா என்றால், இல்லை.

#11 தரவுப்பித்தன்

திரும்பியவன் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே ஒரு பெரிய பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய 4 வாரம், பணம் கொடுத்துச் சிலரை ஃபேஸ்புக் கணக்கை முடக்கச் சொன்னார்கள். ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு. நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் ஒரு பகுதி குடும்பம், நண்பர்களோடு போனது, ஒரு பகுதி தனியாக டிவி பார்ப்பதில் போனது (மனித இயல்பு!). மனநிறைவு கூடியது, ஆனால் கொஞ்சம்தான். நடப்புச் செய்திகள் பற்றிய அறிவு குறைந்தது. பரிசோதனை முடிந்தபின் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள், முன்பைவிடக் குறைவாகப் பயன்படுத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் "கொஞ்சம்தான்". விலகினால் வாழ்க்கையே மாறும் என்பவர்களும் மிகைப்படுத்துகிறார்கள், ஒன்றுமே ஆகாது என்பவர்களும்தான்.

இன்னொரு கதையும் உண்டு. ராபர்ட் கிராட் என்ற ஆய்வாளரின் குழு 1998இல், இணையம் அதிகம் பயன்படுத்துகிறவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் கூடுகின்றன என்று எழுதி, அது பெரிய செய்தியானது. ஃபேஸ்புக் பிறக்கவே இல்லை அப்போது. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்துவிட்டு, 2002இல் அந்தக் குழுவே, முன்பு கண்ட தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்றது. பிறகு 2016இல் அதே கிராட், மொய்ரா பர்க் என்பவரோடு சேர்ந்து ஃபேஸ்புக்கை ஆராய்ந்தார். நெருங்கியவர் ஒருவர் நமக்கென்று நாலு வார்த்தை எழுதினால் மனநலம் உயர்கிறது, லைக் வாங்குவதாலோ பொதுவாகப் போட்டதைப் படிப்பதாலோ அப்படி எதுவும் இல்லை என்று கண்டார்கள். பர்க் ஃபேஸ்புக்கில் வேலை பார்த்தவர், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

#12 இருபிள்ளையம்மா

நீங்கள் எல்லாம் உங்கள் கதையைப் பேசுகிறீர்கள். என் பெரியவளுக்குப் பதினாலு வயது. வகுப்பில் எல்லோரும் இன்ஸ்டாவில் இருக்கிறார்கள், இவள் இல்லை. காலையில் பள்ளிக்குப் போனால் முந்தைய இரவே முடிந்துபோன ஒரு சண்டையின் மிச்சம்தான் இவளுக்குக் கிடைக்கிறது. விட்டால் பயம், விடாவிட்டால் பாவம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே கணக்கு வைத்துக்கொள்ளவே கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. எல்லோருக்கும் இல்லை என்றால் எனக்கும் கவலை இல்லை. ஒருத்திக்கு மட்டும் இல்லை என்பதுதானே பிரச்சினை?

#13 மட்டுறுத்துநர்

இருபிள்ளையம்மா, நல்ல கேள்வி. ஆனால் பிள்ளைகள் விஷயம் தொடங்கினால் இந்த இழை தாங்காது. தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே வாருங்கள்.

#14 பழையமுகவரி

மட்டுறுத்துநர் கோபிக்கவில்லை என்றால் ஒரு பழைய கதை. ஃபேஸ்புக் மாதிரியே கூகுள் நடத்திய ஆர்குட் நினைவிருக்கிறதா? நண்பனைப் பற்றி நாம் எழுதும் சான்றுரை அவன் பக்கத்தில் நிற்கும். அதற்காக உட்கார்ந்து யோசித்து எழுதுவோம். 2014 செப்டம்பர் 30ஆம் தேதி கூகுள் அதை மூடியது. அங்கே மட்டும் பழகிய ஒருவரை நான் அப்புறம் கண்டுபிடிக்கவே இல்லை. அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது.

2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் உலகம் முழுக்க நின்றுபோனதே, அன்றைக்கு நான் செய்த முதல் வேலை யாருடைய எண் என்னிடம் இல்லை என்று பட்டியல் போட்டது. ஓரத்துமேசை, மூடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் போடுங்கள்.

#15 மௌனவிரதம்

இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. என் தோழி இறந்து சில வருடம் ஆகிறது. அவளுடைய பிறந்தநாள் அன்று காலையில் "வாழ்த்துச் சொல்லுங்கள்" என்று நோட்டிஃபிகேஷன் வருகிறது. விவரம் தெரியாத சிலர் "நீடூழி வாழ்க" என்று எழுதியும் விடுகிறார்கள். அவள் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்.

ஆனால் அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுதிய கிண்டல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

#16 பழையமுகவரி

மௌனவிரதம், அதற்கு வழி இருக்கிறது. ஒருவர் இறந்தால் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் ஏற்பாடு ஃபேஸ்புக்கில் 2009இலிருந்தே உண்டு. பெயருக்கு அருகில் நினைவாக என்று வரும், பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும், எழுதியவை அப்படியே இருக்கும். குடும்பத்தார் அல்லது நண்பர்கள் இறப்புக்கான சான்றோடு கேட்க வேண்டும். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உயிரோடு இருப்பவர்களும் கணக்கின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய், தமக்குப்பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம். அது 2015இல் வந்தது. நான் என் தம்பியைப் போட்டிருக்கிறேன். அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

#17 மௌனவிரதம்

நன்றி. அம்மாவிடம் பேசுகிறேன். எப்படிப் பேச்சை எடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஆனால் பேசுகிறேன்.

#18 ஓரத்துமேசை

எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. இப்போதைக்கு என் முடிவு: மூடவில்லை. திரும்பியவன் சொன்ன சாவுச் சேதியும் படுக்கையோரத்தின் குழுவும்தான் காரணம். கைபேசியிலிருந்து செயலியை மட்டும் எடுத்துவிட்டேன். தேவைப்பட்டால் கணினியில் பார்த்துக்கொள்கிறேன்.

பழையமுகவரி சொன்ன பட்டியலைப் போட்டேன். போடும்போதே ஒன்று தெரிந்துவிட்டது. எண் இல்லாத பலரிடம் எண் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் செய்தி எனக்கு வந்துகொண்டிருந்தால் போதும், வராவிட்டாலும் ஒன்றுமில்லை. இன்னும் சிலர் பெயர் வந்ததும், அடடா, இவனோடு பேசி எவ்வளவு நாள் ஆயிற்று என்று இருந்தது. இந்த இரண்டாவது வகைக்காரர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குகிறார்கள். இத்தனை காலம் நூற்றுக்கணக்கானவர்களை இழந்துவிடுவேன் என்று பயந்தது இந்தச் சிலருக்காகத்தான் போலிருக்கிறது.

சிலருக்குத் தனியாக எழுதினேன். அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் பொதுவாக விசாரிக்காமல், "முழங்கால் இப்போது படி ஏறவிடுகிறதா?" என்று குறிப்பாகக் கேட்டேன். அவர் பத்து நிமிடக் குரல்செய்தி அனுப்பிவிட்டார். இன்னொருவர் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். அதற்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல் நானும் ஒரு கட்டைவிரல் அனுப்பியிருக்கிறேன்.

போன்தான் இன்னும் தயக்கமாக இருக்கிறது. இவ்வளவு நாள் கழித்துத் திடீரென்று அழைத்தால் என்ன நினைப்பார்கள்?

#19 தரவுப்பித்தன்

நினைப்பதைவிட நன்றாகவே போகும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு மறுபடி தொடர்புகொள்ளச் சொன்னார்கள். போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று எண்ணிப் பெரும்பாலானவர்கள் மின்னஞ்சலையே விரும்பினார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் சிலரைப் போனுக்கும் சிலரை மின்னஞ்சலுக்கும் அனுப்பிப் பார்த்தபோது, போனில் பேசியவர்களுக்குச் சங்கடம் கூடவில்லை, நெருக்கம் கூடியது. 2022இல் வந்த இன்னொரு ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. எதிர்பாராமல் நலம் விசாரித்தால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை விசாரிப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

#20 கருவிப்பெட்டி

நடைமுறைக்கு வருகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும். நண்பர் பட்டியலிலிருந்து நீக்காமலே ஒருவரைப் பின்தொடராமல் விடலாம், அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறும் வசதி 2022இல் வந்துவிட்டது, அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஃபேஸ்புக் கணக்கை முடக்குவது வேறு, நீக்குவது வேறு. முடக்கினால் மெசெஞ்சரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். நீக்கச் சொன்னால் 30 நாளுக்குள் மனம் மாறித் திரும்பலாம், அதற்குப்பின் முடியாது. நீக்குமுன் உங்கள் தரவைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதில் உள்ள நண்பர் பட்டியலில் பெயரும் சேர்ந்த தேதியும்தான் இருக்கும், போன் எண்கள் இருக்காது. எண்ணைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

#21 தூரத்துச்சித்தி

ஓரத்துமேசை, போன் செய்வதென்றால் நேராகச் செய்யுங்கள். "பேசலாமா?" என்று முதலில் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பாதீர்கள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நாங்கள் பதறிப்போவோம்.

#22 பாதிக்கதவு

எனக்கு நேர்மாறு, சித்தி. சொல்லாமல் கொள்ளாமல் போன் அடித்தால்தான் நான் பதறுவேன், எடுக்கவும் மாட்டேன்.

ஓரத்துமேசை, மெசேஜே அனுப்புங்கள். "சும்மாதான், அவசரம் ஒன்றுமில்லை" என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த மெசேஜில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.